மிலிஷியா முப்பாட்டனைத் தேடுகிறீர்களா? அவர் மனைவியின் பெயரிலும் தேடுங்கள்

அமெரிக்கக் குடும்பங்களின் பூர்வீகத்தை ஆவணங்களில் தேடித் தருவது என் தொழில். அமெரிக்க விடுதலைப் போரில் மிலிஷியாவில், அதாவது ஊர் மக்களே சேர்ந்த குடிப்படையில், இருந்த முப்பாட்டனைத் தேடி வருகிறவர்கள், படைப்பட்டியலில் பெயரைப் பார்த்ததுமே போதும் என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. பெயர், தலைவர், சேவை செய்த நாட்கள், இவ்வளவுதான் அதில் இருக்கும். மனைவி, மக்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஐசக் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸின் ஆக்டன் ஊரில் துப்பாக்கி செய்தவர், ஊர் மினிட்மேன் படையின், அதாவது அழைத்ததும் கிளம்பத் தயாராக இருந்த மிலிஷியாக்காரர்களின், தலைவர். 1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்டின் வடக்குப் பாலத்தில் பிரிட்டிஷ் படை சுட்டதில் இறந்தார். வயது 30. இது எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். ஆனால் அன்று காலை அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை, மனைவி ஹன்னா 1835-ல், 89 வயதில் தந்த வாக்குமூலம்தான் சொல்கிறது. நான்கு பிள்ளைகள், கடைக்குட்டிக்குச் சுமார் பதினைந்து மாதம். நான்கு பேருக்குமே உடம்பு சரியில்லை. படையோடு கிளம்பியவர் ஏதோ சொல்ல வந்தவர்போலத் திரும்பி, “பிள்ளைகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிற்பகலில் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

வாக்குமூலத்தில் அவர் ஹன்னா லேட்டன். மறுமணத்தால் வந்த பெயர் அது. டேவிஸ் என்றே தேடிக்கொண்டிருந்தால் அவர் கண்ணில் படமாட்டார்.

அடுத்து பென்ஷன் கோப்புகள். 1832 சட்டப்படி, ஆறு மாதமாவது சேவை செய்த மிலிஷியாக்காரர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. எங்கே பிறந்தார், போருக்குப் பின் எந்தெந்த ஊரில் வாழ்ந்தார், தானாகச் சேர்ந்தாரா, வேறொருவருக்குப் பதிலாகப் போனாரா என்றெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1836 சட்டம் விதவைகளுக்கும் வழி திறந்தது. கல்யாணத்துக்கு அத்தாட்சி வேண்டுமே! குடும்ப பைபிளில் பிறப்பும் திருமணமும் எழுதி வைத்த தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தத் தாள்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தே கிடைக்கும்.

கோப்பு எண்ணுக்கு முன்னால் ‘டபிள்யூ’ இருந்தால் விதவையின் மனு, ‘எஸ்’ இருந்தால் வீரரின் மனு. ‘ஆர்’ என்றால் நிராகரிக்கப்பட்டது. அதைப் பார்த்ததும், தாத்தா பொய் சொல்லியிருப்பாரோ என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். மிலிஷியாவில் பலர் சில வாரங்கள்தான் சேவை செய்தார்கள். ஆறு மாதக் கணக்கு தேறாததால் தள்ளுபடியான மனுக்கள் நிறைய. பென்ஷன் கிடைக்காவிட்டால் என்ன, அவர் சொன்னதெல்லாம் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.