காரைத் துடைக்கும்போது கீறல் எங்கிருந்து வருகிறது?

தூசி படிந்த காரின் பானட்டில் யாராவது விரலால் பெயர் எழுதிவிட்டுப் போனால், காரைக் கழுவிய பிறகும் அந்தப் பெயர் வெயிலில் மங்கலாகத் தெரிவதுண்டு. எழுதிய விரலோ மெத்தென்றிருப்பது. பெயின்ட்டோ நன்றாகக் காய்ந்து இறுகியது. பிறகு எழுத்து எப்படித் தங்கியது? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட துகள்கள் செய்த வேலை அது. உலர்ந்த துணியை எடுத்துக் காரைத் தேய்ப்பவரும் இதையேதான் செய்கிறார். என்ன, பெயர் எழுதாமல் கார் முழுக்கக் கிறுக்குகிறார்.

பெயின்ட் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் நிறம் பிடிக்க அடித்தளமாகும் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் நான்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கிளியர் கோட் மட்டும் என்றால் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிர் உள்ளே போய் நிறத்தை வெளுக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் படலம்தான். இது அக்ரிலிக், பாலியூரித்தேன் போன்ற பாலிமர்களால் ஆனது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் பிறப்பால் பிளாஸ்டிக்.

எதிரில் நிற்பது கல். மண்ணிலிருந்து கிளம்பும் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமம் தாராளமாக இருக்கும். ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. பெயின்ட் ஆய்வகங்களில் கிளியர் கோட்டைச் சோதிக்கக் கல்லை எடுப்பதில்லை. மென்மையான 6பி முதல் கடினமான 6எச் வரை வரிசையாகப் பென்சில்களை வைத்து இழுத்து, எந்தப் பென்சில் முதலில் கீறுகிறது என்று பார்க்கிறார்கள். பென்சிலுக்கே பதில் சொல்ல வேண்டிய பொருள் குவார்ட்ஸ் முன்னால் என்ன செய்யும்?

ஆனால் கடினத்தன்மை மட்டும் கீறிவிடாது, அழுத்தமும் வேண்டும். அந்த அழுத்தம் எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு மணல் துகளின் கூர்மையான முனை 10 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வெறும் ஒரு கிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. கணக்குப் போட்டால் அந்த முனைக்குக் கீழே உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 1200 மடங்கு வருகிறது. ஒரு பாலிமர் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் நிரந்தரமாகப் பள்ளம் விழ அது போதும். துணியைக் கையால் அமுக்கித் துடைப்பவர் ஒரு கிராமோடு நிறுத்துவதில்லை என்பது நமக்குத் தெரியும். பள்ளம் போட்ட துகளை அப்படியே இழுத்தால் அது கோடு.

இந்தக் கோடுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழத்தைத் தாண்டுவதில்லை, நகத்தில் தட்டுப்படாது. இருந்தும் வெயிலில் சிலந்தி வலை மாதிரி பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் ஒளியின் அலைநீளம் அவ்வளவு சிறியது என்பதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் பள்ளமே அதற்குப் பெரிய பள்ளம், ஒளி அங்கே சிதறிவிடும். வெள்ளைக் காரில் அடியிலுள்ள நிறமே நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கோட்டின் மினுக்கு அதில் கரைந்துபோகிறது. கறுப்புக் காரில் மறைக்க எதுவும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும்; "வட்டமாகத் துடைத்திருக்கிறார்கள்" என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். நகர்ந்து நின்று பாருங்கள், வட்டத்தின் மையமும் கூடவே நகரும். எல்லாத் திசையிலும் கோடுகள் கிடக்கின்றன. ஒளி வரும் தடத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டுமே கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன, அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நேர்கோட்டில் துடைக்கச் சொல்வதிலுள்ள நியாயமும் இதுதான். நேர்கோட்டில் விழுந்த கீறல் சில கோணங்களில் மட்டும் தெரியும், வட்டமாக விழுந்தது எங்கே நின்றாலும் தெரியும். மற்றபடி நேராகத் துடைத்தால் கீறலே விழாது என்பது வெறும் நம்பிக்கை.

சரி, தூசி ஏன் தானாகப் பறந்து போவதில்லை? வேகமாக ஓட்டினாலும் மெல்லிய தூசி அசையாமல் கிடக்கிறதே. துகளைப் பிடித்து வைப்பவை, மிக நெருங்கிய பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இடையே எழும் ஈர்ப்பான வான் டெர் வால்ஸ் விசையும் நிலைமின்னேற்றமும். துகளின் விட்டம் பாதியானால் வான் டெர் வால்ஸ் பிடிப்பு பாதியாகிறது. ஆனால் எடை எட்டில் ஒன்றாகச் சரிகிறது. மேற்பரப்பை ஒட்டிய காற்று அதைத் தள்ளும் விசையும் பாதிக்கு மேல் குறைந்து, ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது. ஆக, துகள் சிறியதாக ஆக ஆகப் பிடிப்பின் கைதான் ஓங்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உராய்வில் மின்னேற்றம் கூடி, துடைத்த இடத்திலேயே புதுத் தூசி வந்து உட்காரும்.

பனி விழும் இரவுகளுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். துகளுக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் நீர் புகுந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. காலையில் நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த உப்புகள் மெல்லிய சிமென்ட்டாக அங்கேயே தங்கிவிடுகின்றன. நேற்று ஊதினால் பறந்திருக்கும் தூசி இன்று தேய்த்தால்தான் போகும் என்று அடம்பிடிக்கும். தேய்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம்.

ஆகவே கேள்வி இப்படித் திரும்புகிறது: துகளைப் பெயின்ட்டை நோக்கி அமுக்காமல், அதன் பிடியை மட்டும் எப்படித் தளர்த்துவது? முதல் வழி நீர். துகள் முழுக்க நனைந்ததும் அதைப் பிடித்திருந்த நீர்ப்பாலம் இல்லாமல் போகிறது, வான் டெர் வால்ஸ் ஈர்ப்பும் நீருக்குள் நன்றாகவே குறைந்துவிடுகிறது, உப்புச் சிமென்ட் கரைகிறது. கரைய நேரம் வேண்டும் என்பதால், அடித்த கையோடு துடைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுவது பலன் தரும். பெரிய மணல் துகள்கள் குழாய் நீரிலேயே போய்விடும். கீறலில் முக்கால்வாசியைத் தவிர்ப்பது இந்த முதல் அலசல்தான் என்பது என் கணிப்பு. இதை அவசரமாக முடித்துவிட்டு விலையுயர்ந்த துணி வாங்குவதில் அர்த்தமில்லை.

ஆனாலும் நீர் மட்டும் போதாது. எவ்வளவு வேகமாகப் பீய்ச்சினாலும் பெயின்ட்டைத் தொட்டிருக்கும் நீர்ப்படலம் நகராது, அதற்குச் சற்று மேலே உள்ளது மெல்ல நகரும். மெல்லிய துகள்கள் அந்தச் சோம்பேறிப் படலத்துக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்கின்றன. இங்கேதான் ஷாம்பு உதவுகிறது. அதன் மூலக்கூறுகள் துகள்மீதும் பெயின்ட்மீதும் போய் ஒட்டி, இரண்டுக்கும் ஒரே வகை மின்னேற்றத்தைத் தருகின்றன. ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. கூடவே வழுக்கலும் கிடைக்கிறது. நுரையை மேலே போட்டு வைப்பதன் பயன், சோப்பு நீர் உடனே வழிந்து ஓடாமல் கொஞ்ச நேரம் செங்குத்தான கதவிலும் தங்குவது. பாத்திரம் கழுவும் திரவம் அழுக்கை நன்றாகவே எடுக்கும்தான், கூடவே பெயின்ட்டின்மேல் பாதுகாப்புக்குப் பூசிய வாக்ஸையும் எடுத்துவிடும்.

பிறகு கையுறையோ துணியோ காரைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அது வாரிய துகள் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த விஷயம். ஒரே வாளி என்றால் மறுபடி காருக்கே வரும். அலச ஒரு வாளி, ஷாம்புவுக்கு ஒரு வாளி என்று பிரிப்பதற்கு நல்ல இயற்பியல் இருக்கிறது. திரவத்தில் சிறு துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி, 100 மைக்ரான் மணல் துகள் நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வேகத்தில் நீரில் இறங்கும்; 30 சென்டிமீட்டர் ஆழ வாளியில் அரை நிமிடத்தில் அடியில் போய்ச் சேரும். 10 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆழமாகக் கீறக்கூடிய பெரியவை சீக்கிரம் படிந்துவிடுகின்றன என்பது நமக்குச் சாதகம். வாளியின் அடியில் ஒரு வலைத்தட்டு இருந்தால், கையுறையை முக்கும்போது அவை கலங்கி மேலே வராது. சக்கரத்துக்குப் பக்கத்திலும் கதவின் அடிப்பாகத்திலும்தான் பெரிய மணல் அதிகம். அதனால் கூரையில் ஆரம்பித்து அங்கே முடிப்பதே முறை.

துணியைப் பொறுத்தவரை, தட்டையாக நெய்த துணியில் துகளுக்கு ஒதுங்க இடமில்லை. நூலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் நசுங்கியபடியே இழுபடும். மைக்ரோஃபைபர் பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்தது, இழைகள் 10 மைக்ரானுக்கும் மெல்லியவை, பல பிளவுகளாகப் பிரிந்தவை. நீளமான குஞ்சங்கள் இருந்தால் துகள் உள்ளே புதைந்துகொள்ளும், கையின் அழுத்தம் அதன் முனைவரை போய்ச் சேராது. குஞ்சம் நிறைந்ததும் இந்த நன்மை முடிந்தது. துணியை மடித்துப் புதுப் பக்கம் எடுக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் இழைகள்மேல் ஒரு பூச்சு படிந்து அழுக்கைப் பிடிக்கும் திறன் போய்விடும். ஓரத்துத் தையலையும், ஒட்டிய லேபிளையும் கூட ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், அவையும் கீறும்.

நீரில்லாமல் தூசி தட்டும் வாக்ஸ் தடவிய நூல் துடைப்பான்களைப் பற்றி என் கருத்து: முந்தின நாள் படிந்த, பனி படாத மெல்லிய தூசிக்கு, தன் எடைக்கு மேல் அமுக்காமல் பயன்படுத்தினால் பரவாயில்லை. மழை பெய்து காய்ந்த காரில் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த மெல்லிய கீறல்களைப் பாலிஷ் போக்கும். ஆனால் அது பள்ளத்தை நிரப்புவதால் அல்ல, சுற்றியுள்ள கிளியர் கோட்டைப் பள்ளத்தின் அடிவரை தேய்த்து இறக்குவதால்தான். ஒவ்வொரு முறையும் அந்த 35, 50 மைக்ரானிலிருந்து கொஞ்சம் போகும், திரும்ப வளராது. நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்து அது கோட்டில் தட்டி நின்றால், பாலிஷுக்கு எட்டாத ஆழம் அது. பெயின்ட் வேலைதான் செய்ய வேண்டியிருக்கும்.