ரயில் போன தடத்தில் சைக்கிள்: ஏற்றத்தின் கணக்கும் தண்ணீரின் வேலையும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை 240 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. பெயர் கிரேட் அலெகெனி பாசேஜ். கார், லாரி எதுவும் இதில் வராது. ஆற்றங்கரை, காடு, வயல்வெளி, ஒரு காலத்தில் நிலக்கரி எடுத்த சிற்றூர்கள் வழியாகப் போகிற இந்தப் பாதை அப்பலாச்சியன் மலைத்தொடரையே தாண்டுகிறது. உச்சி 729 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் பெட்டி, படுக்கை, கூடாரம் எல்லாம் கட்டிய சைக்கிளோடு சாதாரண ஆட்கள் இதை ஏறிவிடுகிறார்கள். இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். பெரும்பகுதி, ரயில் கைவிட்டுப் போன தடம்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் ஓடும்போது தடை மிகக் குறைவு. சமதரையில் 1 டன் எடையை நகர்த்த ஏறத்தாழ 2 கிலோ இழுவிசை போதும். அதே ஒரு டன்னை 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இழுக்க இன்னும் 10 கிலோ வேண்டும். கண்ணுக்கே தெரியாத அந்த ஏற்றம் எஞ்சினின் சுமையை ஆறு மடங்காக்கிவிடும். ஏற்றம் மிகவும் செங்குத்தானால் சக்கரமும் வழுக்க ஆரம்பிக்கும். நம் ஊட்டி ரயில் 12 அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏறுவதற்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் போட வேண்டியிருந்தது. அது இல்லாமல் ஏற வேண்டிய ரயில்பாதைக்காரர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், முடியாத இடத்தில் மலையைக் குடைந்தார்கள். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912-இல் இந்த மலைக்குக் குறுக்கே போட்ட பாதையும் அப்படித்தான். கம்பர்லாந்துப் பக்கம் உச்சிக்கு 38 கிலோமீட்டர் தூரம். அதில் 540 மீட்டர் உயரம். சராசரி ஏற்றம் 1.4 சதவீதம், செங்குத்தான இடங்களிலும் 1.75 சதவீதம் அளவுதான். பிட்ஸ்பர்க் பக்கம் இன்னும் சாது: 200 கிலோமீட்டருக்குச் சராசரி 0.25 சதவீதம்.

இனி சைக்கிள் கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20. மொத்தம் 110 கிலோ என்று வையுங்கள். ஏற்றத்தின் சதவீதம் எதுவோ, எடையில் அத்தனை சதவீதம் உங்களைப் பின்னால் இழுக்கும். 1.75 சதவீத ஏற்றத்தில் இழுப்பு 1.9 கிலோ. இறுகிய சுண்ணாம்புக்கல் தரையில் டயர் உருளும் தடை எடையில் சுமார் 0.8 சதவீதம், அதாவது 0.9 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டரில் காற்றுத் தடை அரைக் கிலோவுக்கும் குறைவு. எல்லாம் சேர்ந்து இதற்குத் தேவை 105 வாட் அளவு. ஓரளவு உடல்நலம் உள்ளவர் மணிக்கணக்கில் தரக்கூடிய சக்தி இது. இதே 105 வாட்டை வைத்துக்கொண்டு 8 சதவீதம் ஏறும் மலைச்சாலைக்குப் போனால் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டராகிவிடும். அந்த வேகத்தில் மூட்டை கட்டிய சைக்கிள் நேராகவே நிற்காது; இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஏறும் மொத்த உயரம் ஒன்றாகவே இருந்தாலும், அதை எத்தனை தூரத்தில் பரப்பியிருக்கிறார்கள் என்பதே ஓட்டுவதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, ஏற்றமும் தரையும் ஒரே அலகில் வருகின்றன என்பது. மழையில் ஊறித் தரை தளர்ந்தால் உருளும் தடை 0.8-லிருந்து 2 சதவீதத்துக்குப் போகலாம். சமதரையாகவே இருந்தாலும், காலுக்கு அது 1.2 சதவீத ஏற்றம். காய்ந்த தரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போன அதே ஆள் 14-க்கு இறங்கிவிடுவார். ரயில்காரர்கள் மலையைக் குடைந்து சம்பாதித்துக் கொடுத்த சரிவை, மேற்பரப்பு கெட்டால் ஒரு வார மழை சாப்பிட்டுவிடும்.

ஆகவே தரை எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் எடுத்த பிறகு மிஞ்சுவது கைப்பிடி அளவுக் கருங்கல் ஜல்லி. அதில் சைக்கிள் ஓடாது. ஆனால் அடித்தளத்துக்கு அதைவிட நல்லது கிடையாது: பல பத்தாண்டுகள் ரயில் ஏறி ஏறி அமுக்கிய படுகை, தண்ணீரும் நிற்காமல் இறங்கிவிடும். அதைச் சமப்படுத்தி ரோலர் ஓட்டி, தேவையான இடத்தில் மண் மேலேறாமல் இருக்கத் துணிவிரிப்புப் போட்டு, மேலே 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு உடைத்த சுண்ணாம்புக்கல் கொட்டுவார்கள். அகலம் சுமார் 3 மீட்டர். கல்லின் அளவு 10 மில்லிமீட்டரில் தொடங்கி மாவுத் தூள் வரை எல்லாம் கலந்திருக்க வேண்டும். முனை உள்ள சில்லுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தூள் இடைவெளியை அடைக்கும், ஈரப்படுத்தி ரோலர் ஓட்டினால் சுண்ணாம்புத் தூள் லேசாகப் பிடித்துக்கொண்டு காரை போலாகும்.

தூள் குறைந்தால் மேலே உள்ள சில்லு பிடிப்பில்லாமல் ஓடும். வளைவில் முன்சக்கரம் சறுக்கும். தூள் அதிகமானால் மழையில் சேறு, வெயிலில் புழுதி. ஆற்றுக் கூழாங்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் உருண்டை உருண்டையாக இருப்பதால் எத்தனை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. தார் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஊருக்குள் அது சரி. காட்டுக்குள் மரவேர்கள் தாரைக் கீழிருந்து தூக்கிக் குறுக்கே வரப்பு வரப்பாக்கிவிடும், அதைச் சரிசெய்ய வெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும். சுண்ணாம்புக்கல் தரையில் பள்ளம் விழுந்தால் ஒரு டிராக்டர் தூளும் சிறு ரோலரும் போதும். தொலைவான பாதைகளுக்குத் தாரைவிட இதுவே நல்ல முடிவு என்பதே என் கணிப்பு.

பராமரிப்பில் பெரும் பங்கு தண்ணீரை விலக்குவதுதான். பாதையின் குறுக்கே 2 சதவீதம் சாய்வு இருந்தால் மழைநீர் ஓரத்துக்கு வடிந்துவிடும். மேட்டை வெட்டிப் போன இடங்களில் இருபக்கமும் மலைச்சரிவுத் தண்ணீர் இறங்குகிறது. அங்கே ஓரக்கால்வாய் இலையாலும் சரிந்த மண்ணாலும் அடைபட்டால் தண்ணீர் பாதைக்கு அடியில் புகுந்து தரையை ஊற வைக்கும். பள்ளத்தை நிரப்பிய கரைகளில் ஆபத்து வேறு மாதிரி. கரைக்குக் கீழே ஓடையை விடும் குழாய்ப்பாலம் அடைபட்டால் கரை அணைக்கட்டாகிவிடும். அணையாக இருக்க அதைக் கட்டவில்லை, ஒரே வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு போகும். பனிக்காலம் முடிந்து உறைந்த தரை இளகும்போது, மேலே உருகிய நீர் கீழே இன்னும் உறைந்திருக்கும் அடுக்கால் இறங்க முடியாமல் நிற்கும். வசந்தத்தின் முதல் வாரங்களில் இந்த மாதிரிப் பாதைகள் மெத்து மெத்தென்று இருப்பதற்கு இதுதான் காரணம். அப்போது விழும் டயர் தடம் காய்ந்த பிறகும் நிற்கும்.

உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பிக் சாவேஜ் சுரங்கம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம். அதன் எதிரியும் தண்ணீர்தான். மலைக்குள் கசியும் நீர் சுவரின் விரிசல்களில் உறைந்தால் விரியும், விரிந்தால் விரிசல் பெரிதாகும், மறுநாள் இன்னும் அதிகத் தண்ணீர் புகும். உள்ளே குளிர்காற்று போகாமல் தடுத்தால் மலையின் வெப்பமே உறைபனியைத் தள்ளி வைக்கும். அதனால் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இருபக்கக் கதவுகளையும் மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் நாட்களில் உள்ளே விளக்கு உண்டு. இருந்தாலும் வெயிலிலிருந்து நுழையும்போது கண் பழகச் சற்று நேரம் ஆகும்; முன்விளக்கைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். வியர்வையோடு நுழைபவர்களுக்குக் கோடையிலும் உள்ளே குளிரும். வாசலிலேயே ஒரு சட்டையைப் போட்டுக்கொள்வது நல்லது.

வண்டி வராத பாதையிலும் விழுந்து அடிபடுபவர்கள் உண்டு. பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாமலிருக்க நடுவே கம்பம் நட்டிருப்பார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் அதை மறைத்துவிடுவார். பின்னால் வருபவர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். கம்பம் தெரிந்ததும் பின்னால் சத்தமாகச் சொல்வது இங்கே பழக்கம். கம்பர்லாந்துக்கும் ஃப்ராஸ்ட்பர்க்குக்கும் இடையே சுற்றுலா ரயிலின் தண்டவாளம் பக்கத்திலேயே ஓடுகிறது. அதைக் கடக்கும்போது குறுக்காக, 90 பாகைக்கு முடிந்தவரை பக்கமாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாள ஓர இடுக்கில் இறங்கிவிடும், ஈரமாக இருந்தால் வழுக்கும். காசல்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கை 582 மீட்டருக்குத் தாண்டும் சாலிஸ்பரி பாலத்தில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். பக்கப் பைகள் அகலமாக இருந்தால் சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளும்.

டயர் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். 110 கிலோ மொத்த எடைக்கு 38 மில்லிமீட்டர் டயரில் பின்னால் 45 முதல் 50 பவுண்டு, முன்னால் 35 முதல் 40 பவுண்டு காற்று போதும். கல்லாக ஊதினால் டயர் ஒவ்வொரு சில்லின்மேலும் ஏறி ஏறி இறங்கும். அந்த அதிர்வில் போகும் சக்தி உங்கள் காலிலிருந்து போவது. எதிர்பாராத தொல்லை ஒன்று உட்காரும் இடத்தில் வரும். சாலையில் இறக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்துவோம், எழுந்து நிற்போம். இங்கே பெரும்பாலான தூரத்தில் ஏற்றத்தில் எழவும் தேவையில்லை, இறக்கத்தில் ஓய்வும் இல்லை; ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார்ந்து கையும் பின்புறமும் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? கம்பர்லாந்திலிருந்து என்றால் கடின ஏற்றம் முதல் 38 கிலோமீட்டரில் முடிந்துவிடும், கால் புதிதாக இருக்கும்போதே. பிறகு 200 கிலோமீட்டர் இறக்கம் என்று சந்தோஷப்பட வேண்டாம், 0.25 சதவீதச் சரிவு தருவது கால் கிலோ தள்ளு, தரையின் தடை 0.9 கிலோ, மிதிக்காமல் ஓடாது. ஆனாலும் அதே 105 வாட்டில் இறங்கும்போது மணிக்கு 21 கிலோமீட்டர், ஏறும்போது 18.5. 200 கிலோமீட்டரில் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். எதிர்த்திசையில் வருபவர்களுக்குக் கிடைப்பது வேறு: உச்சியிலிருந்து 1.75 சதவீத இறக்கத்தில் மிதிக்காமலே மணிக்கு 19 கிலோமீட்டர், அதற்கு மேல் காற்றுத் தடை விடாது. பிரேக் அதிகம் தேவைப்படாத மலை இறக்கம் அது. பாதையின் மைல் கற்கள் கம்பர்லாந்தில் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. உச்சி 24-ஆவது மைலுக்குச் சற்று முன், மேயர்ஸ்டேல் ஊர் 32-இல், ஓஹயோபைல் 72-இல்.

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை இன்னும் 297 கிலோமீட்டர், செசபீக்–ஓஹயோ கால்வாயின் கரையில் போகலாம். கோவேறு கழுதைகள் படகிழுத்த தடம், அதுவும் தட்டையானதுதான். ஆனால் தரை பல இடங்களில் மண், ஜல்லி அடித்தளம் கிடையாது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அங்கே சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தும். இரண்டையும் சேர்த்துப் போகிறவர்கள் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரலளவு இடைவெளி இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் கூழ் சங்கிலியில் காய்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும். அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில்தான் மறுநாள் தூசி ஒட்டும்.