பால் காணாது என்று சொல்லும் முன்

மும்பையில் தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் பிள்ளை பெற்ற பெண்களைப் பார்க்கப் போனால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு வார்த்தை காதில் விழும். "பிள்ளைக்குப் பால் காணாது, சிஸ்டர்." திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே நிறைய. பத்தாது என்பதை அவர்கள் காணாது என்பார்கள். தாய்ப்பால் ஆலோசகராக இத்தனை வருடம் நான் கேட்ட வரையில், இதை முதலில் சொல்வது பெற்றவள் இல்லை. அம்மாவோ, மாமியாரோ, பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவோ சொல்வார்கள். அவள் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாளில் அவளும் அதை நம்பிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கீழே சமையல், இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. சிசேரியன் ஆன 8ஆம் நாள், தலைப்பிரசவம். ஊரிலிருந்து கருப்பட்டியும் சுக்கும் பூண்டும் கட்டிக்கொண்டு வந்த அம்மா பக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டாம் ராத்திரி குழந்தை விடாமல் அழுதிருக்கிறது. யாரோ ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று மட்டும் ஒருவரும் காட்டித் தரவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரு பாட்டில் மூன்றாகிவிட்டது. அவளுக்கோ மார்பு கல் மாதிரி கட்டிக்கிடந்தது, காம்பில் வெடிப்பு, தொட்டாலே கண்ணீர். பால் இல்லாத மார்பு இப்படிக் கட்டுமா?

குழந்தை காம்பு நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. தையலில் படாதபடி தலையணை வைத்து, குழந்தையை அவள் கைக்கு அடியில் பக்கவாட்டில் கொண்டுவந்தோம். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி, தாடை மார்பில் அழுந்த, கீழுதடு வெளியே மடிந்திருக்கச் சேர்த்தோம். மூன்றாவது முயற்சியில் சரியாகப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் முழுங்கும் சத்தம் கேட்டது. "முழுங்குதுல்லா!" என்றார் அந்த அம்மா. அதன்பின் எடை பார்த்துப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு நாளில் பாட்டிலை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். ஒரே நாளில் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தவும் கூடாது.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பாட்டில் குடித்த குழந்தை அடுத்த வேளை மார்பில் குடிக்காமல் தூங்கிவிடும். பால் தேங்கும், தேங்கினால் ஊறுவது குறையும், அப்போது 'காணாது' என்ற பேச்சு உண்மை மாதிரியே ஆகிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். ஸ்பூன் கணக்கில்தான் வரும், பச்சைக்குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க இன்னும் ஒரு நாள் கூடப் பிடிக்கலாம். முதல் வாரத்தில் குழந்தையின் எடை கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். சாயங்காலம் அரை மணிக்கொரு தடவை கேட்டாலும் பயப்பட வேண்டாம். அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள், நனைந்த துணியை எண்ணுங்கள். 5ஆம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 துணியாவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால், பால் காணும்.

நிஜமாகவே பால் குறைவாக இருக்கும் பெண்களும் உண்டு. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, தைராய்டு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கின்றன. மருத்துவர் சொல்லி அவர்கள் பவுடர் பால் கொடுத்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. அவர்களை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தானமாக வந்த தாய்ப்பால் கொடுக்கும் வழியும் உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது நம் சயான் ஆஸ்பத்திரியில்தான். குழந்தை குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் நிறம் கால்வரை இறங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதையெல்லாம் 8ஆம் நாளில், வலியோடு இருப்பவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கிறோம். அதே மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆலோசகரிடமோ நர்ஸிடமோ வாருங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவரும், கணவரும் கட்டாயம் வர வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுவார்களா, சிசேரியன் என்றாலும் போடுவார்களா, ராத்திரியில் பால் கொடுக்க யார் உதவுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. கழுதைப்பாலும் வேண்டாம்.

பத்தியம் பற்றிப் பெரியவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. பூண்டும் கருப்பட்டியும் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும். தாகம் எடுக்கும் போதெல்லாம் தண்ணீர் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும்.

அப்புறம், அம்மா ஊருக்கு ரயிலேறும் நாள். பெரும்பாலும் 40 நாள் கழித்து. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணவர் லோக்கல் பிடிக்கப் போய்விடுவார். அந்த மேலறையில் அவளும் குழந்தையும் மட்டும். எனக்கு வரும் போன்களில் பாதி அந்த வாரத்தில்தான் வருகின்றன. பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கணவர்களிடம் நான் கேட்பது, அம்மா கிளம்பும் அந்த முதல் வாரத்துக்கு லீவை மிச்சம் வைத்திருங்கள் என்பதைத்தான்.