வெளிநாட்டுல மரண தண்டனைன்னா நம்ம அரசாங்கம் என்ன செய்யும், என்ன செய்யாது

2025 மார்ச் 3ம் தேதி டெல்லி ஹைகோர்ட்ல ஒரு அப்பா போட்ட மனு விசாரணைக்கு வந்துச்சு. பொண்ணு அபுதாபி ஜெயில்ல மரண தண்டனை கைதி, அவ உயிரோட இருக்காளா இல்லையான்னு கேட்டு சொல்லுங்க, அவ்ளோதான் மனு. அரசு தரப்புல எழுந்து சொன்னாங்க, பிப்ரவரி 15ம் தேதியே தண்டனைய நிறைவேத்திட்டாங்க, அந்த நாட்டு அரசாங்கம் நம்ம எம்பசிக்கு தகவல் குடுத்ததே பிப்ரவரி 28ம் தேதிதான்னு. நடுவுல பதிமூணு நாள். பெத்தவருக்கு விஷயம் தெரிஞ்சது கோர்ட்ல.

இந்த மாதிரி நியூஸ் வந்தா ரெண்டு நாளைக்கு எல்லா இடத்துலயும் ஒரே சண்டைதான். ஒரு பக்கம் "கொலை பண்ணவனுக்கும் போதை கடத்துனவனுக்கும் எதுக்கு நம்ம வரிப்பணம், போன இடத்து சட்டப்படி அனுபவிக்கட்டும்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "பிரதமர் ஒரு போன் போட்டா விட்ருவாங்க"ன்னு நம்புறாங்க. ரெண்டு பேருமே இதுல என்ன விதி இருக்கு, எது உரிமை, எது சலுகைன்னு பாக்கறது இல்ல. 2025 மார்ச்ல நாடாளுமன்றத்துல குடுத்த கணக்குப்படி வெளிநாட்டுல மரண தண்டனை தீர்ப்பு வாங்கி, அது இன்னும் நிறைவேறாம இருக்குற இந்தியர்கள் 49 பேர். அதுல ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல 25, சவுதில 11, மலேசியால 6, குவைத்ல 3. மீதி ஒண்ணு ஒண்ணா இந்தோனேஷியா, கத்தார், அமெரிக்கா, ஏமன். நம்ம ஆளுங்க பிழைக்கப் போற நாடுங்கதான் முக்கால்வாசி, அதனால இது யாரோ எவரோ சமாச்சாரம் இல்ல.

முதல்ல உரிமை. 1963ல போட்ட வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, இந்தியா 1977ல அதுல சேர்ந்துச்சு. அதோட 36வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரு நாட்டுல வெளிநாட்டுக்காரர யாராவது பிடிச்சா, "உங்க எம்பசிக்கு தகவல் சொல்லணுமா, அது உங்க உரிமை"ன்னு அவர்கிட்ட போலீஸ் தாமதம் இல்லாம சொல்லணும், அவர் ஆமான்னா எம்பசிக்கு தெரிவிக்கணும், எம்பசி ஆபீசர் ஜெயிலுக்கு போய் அவர பாக்கலாம், பேசலாம், வக்கீலுக்கு ஏற்பாடு பண்ணலாம். அவர் குற்றம் பண்ணாரா இல்லையாங்கற கேள்வி இதுல எங்கயுமே கிடையாது, அந்த கேள்விக்கு பதில் தேடத்தான் கோர்ட் இருக்கு, அந்த கோர்ட்ல அவர் பேசறது ஜட்ஜுக்கு புரியணும்னா அவர் பக்கம் ஒரு ஆள் வேணும். ஆனா கவனிங்க, பெரும்பாலான நாட்டுல பிடிபட்டவர் கேட்டாதான் தகவல் போகும். "எம்பசிக்கு எல்லாம் வேணாம், ஊர்ல மானம் போயிடும்"னு பயந்து வேண்டாம்னு சொல்ற ஆளுங்க நிறைய, அங்கயே முதல் தப்பு நடந்துடுது.

இந்த உரிமைய மீறினா என்ன ஆகும்? மெக்சிகோ அமெரிக்கா மேல சர்வதேச நீதிமன்றத்துல போட்ட கேஸ்ல, மரண தண்டனை கைதிகளா இருந்த 51 மெக்சிகோக்காரங்க விஷயத்துல அமெரிக்கா இத மீறியிருக்குன்னு 2004ல தீர்ப்பாச்சு. உளவு பாத்தாருன்னு சொல்லி பாகிஸ்தான் பிடிச்ச நம்ம குல்பூஷன் ஜாதவ் கேஸும் இதே பிரிவுதான். பாகிஸ்தான் ராணுவ கோர்ட் 2017 ஏப்ரல்ல அவருக்கு மரண தண்டனை குடுத்துச்சு, இந்தியா தி ஹேக் நகரத்துல இருக்குற அதே சர்வதேச நீதிமன்றத்துக்கு போச்சு, 2019 ஜூலை 17ம் தேதி 15க்கு 1ன்னு தீர்ப்பு வந்துச்சு, எம்பசி ஆட்கள பாக்க விடாதது தப்பு, தண்டனைய மறுபடி பரிசீலிக்கணும், அதுவரைக்கும் நிறைவேத்தக் கூடாதுன்னு. விடுதலை பண்ணுன்னு சொல்லல பாருங்க. இந்த உரிமை கதவ திறந்து விடாது, நேரம் வாங்கித் தரும்.

எங்க தெருவுல ஒரு அக்கா, தம்பி வளைகுடால ஒரு கம்பெனி கேம்ப்ல இருந்தான், ரூம்ல நடந்த அடிதடில ஒருத்தர் செத்துப்போய் இவனையும் சேத்து நாலு பேர பிடிச்சுட்டாங்க. ஜெயில்ல இருந்து ஒரே ஒரு போன், ரெண்டு நிமிஷம், "அக்கா ஒரு பேப்பர் குடுத்தாங்க, அரபில இருந்துச்சு, சைன் போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவோம்னாங்க, போட்டுட்டேன்"னு சொல்லிட்டு கட் ஆயிடுச்சு. அக்கா என்கிட்ட வந்து "தம்பி எம்பசிக்கு எழுதிக் குடு"ன்னாங்க, சரின்னு உக்காந்தா முதல் கேள்வியே பாஸ்போர்ட் நம்பர், வீட்ல ஒரு ஜெராக்ஸ் கூட இல்ல. ரெண்டு நாள் தேடி, போகும்போது ஏஜென்ட் வாட்ஸப்ல அனுப்பின விசா காப்பில சின்ன எழுத்துல இருந்துச்சு, ஜூம் பண்ணி ஜூம் பண்ணி எடுத்தோம். ரெண்டு நாளுங்கறது சின்ன விஷயமா தெரியும், ஆனா அந்த ரெண்டு நாள்லதான் மொழிபெயர்ப்பாளர் இல்லாம வாக்குமூலம் எழுதுவாங்க, அப்புறம் அதுவே கேஸோட முதுகெலும்பு ஆயிடும். பாஸ்போர்ட், விசா, சிவில் ஐடி (அந்த நாட்டுல குடுக்கற அடையாள அட்டை), கம்பெனி பேர் நாலையும் வெளிநாடு போறவங்க வீட்ல ஒரு காப்பி கண்டிப்பா வச்சுக்கோங்க.

புகார் எங்க போடறது? வெளியுறவுத்துறையோட மதத் (MADAD) போர்ட்டல், அதாவது ஆன்லைன் புகார் தளம், 2015ல ஆரம்பிச்சது, குடும்பத்துல யார் வேணா பதியலாம், ஒரு நம்பர் வரும், அத வச்சு தொடரலாம். போன்னா டெல்லில இருக்குற ப்ரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா, அதாவது வெளிநாட்டு இந்தியர் உதவி மையம், டோல் ஃப்ரீ 1800 11 3090. தமிழ்நாட்டுக்காரங்கன்னா அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு, கலெக்டர் ஆபீஸ்லயும் குடுக்கலாம், ஆனா கலெக்டர் ஆபீஸ் மனு டெல்லி சுத்தி எம்பசிக்கு போக நாளாகும், அதனால எம்பசிக்கு நேரடியா இமெயில் போடறதுதான் முதல் வேலை, மத்ததெல்லாம் அதுக்கு மேல.

இப்ப பணம். இந்திய சமூக நல நிதின்னு 2009ல ஆரம்பிச்சாங்க, 2017ல விதிகள மாத்துனாங்க, ஒவ்வொரு எம்பசிலயும் இருக்கு. "எங்க வரிப்பணம்"னு கோவப்படறவங்களுக்காக சொல்றேன், இந்த நிதி பெரும்பாலும் வெளிநாட்டுல இருக்குற இந்தியர்கள் பாஸ்போர்ட் மாதிரி சேவைக்கு எம்பசி போறப்ப கட்டணத்தோட கூட கட்டுற சின்ன தொகைல சேர்றது, அமெரிக்காலன்னா 2 டாலர் மாதிரி. அதாவது அங்க கஷ்டப்படறவங்க காசு, அங்க கஷ்டப்படறவங்களுக்கு. இதுலருந்து வசதி இல்லாதவங்களுக்கு முதல் கட்ட சட்ட உதவி தரலாம். ஆனா விதில எழுதியிருக்கறது சின்ன குற்றங்கள், முதலாளி பொய்யா மாட்டிவிட்ட கேஸ், மீனவர், கப்பல்ல வேலை செய்றவங்க, மாணவர்கள் இப்படி. கொலை கேஸ், போதை கேஸ்னா "எனக்கு வக்கீல் குடு"ன்னு உரிமையா கேட்டு வாங்க வழி இல்ல, எம்பசி நினைச்சா செய்யும். ஏமன்ல தண்டனை வாங்கின கேரள நர்ஸ் கேஸ்ல அரசாங்கம் வக்கீல் வச்சு குடுத்துச்சு, கத்தார்ல எட்டு முன்னாள் கடற்படைக்காரங்களுக்கு 2023 அக்டோபர்ல மரண தண்டனை வந்தப்ப முழு மூச்சா இறங்குனாங்க, டிசம்பர்லயே தண்டனை குறைஞ்சுது, 2024 பிப்ரவரில ஏழு பேர் ஊர் வந்து சேந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா டிவில பேர் வராத ஒரு கொத்தனாருக்கோ டிரைவருக்கோ அதே வேகம் கிடைக்கணும்னா அது விதியா இருக்கணும், ஆபீசர் மனசப் பொறுத்து இருக்கக் கூடாது, இதத்தான் நான் அழுத்தி சொல்றேன்.

தியா, அதாவது ரத்தப்பணம். இதுலதான் குடும்பங்க அதிகம் குழம்புது. சவுதி, குவைத், ஏமன் மாதிரி நாட்டுல கொலை கேஸ்னா செத்தவரோட வாரிசுங்க மன்னிச்சா மரண தண்டனை போகும், பணம் வாங்கிட்டும் மன்னிக்கலாம், வாங்காமலும் மன்னிக்கலாம், மன்னிக்க மாட்டேன்னு சொல்லவும் அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. சவுதில இருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருத்தருக்காக 2024 ஏப்ரல்ல மக்கள் சேத்தது 34 கோடி, அந்த ஜூலைல அவர் மரண தண்டனை ரத்தாச்சு. 2017ல குவைத்ல தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர், செத்தவர் கேரளாக்காரர், இவர் மனைவி மலப்புரம் போய் அந்த விதவைய பாத்து அழுதாங்க, 30 லட்சம் சேத்து குடுத்து அவங்க மன்னிப்பு பத்திரத்துல கையெழுத்து போட்டாங்க. இந்த பணத்த அரசாங்கம் தருமான்னா, தராது. 2025 ஜூலைல ஏமன் கேஸ் சுப்ரீம் கோர்ட்ல வந்தப்ப அட்டர்னி ஜெனரல் சொன்னது இதான், ரத்தப்பணம் தனிப்பட்ட பேச்சுவார்த்தை, அரசாங்கம் போகக்கூடிய எல்லை வரைக்கும் போயாச்சுன்னு. இன்னொண்ணு, போதை கேஸுக்கு தியா கிடையவே கிடையாது, அங்க மன்னிக்க வாரிசுன்னு யாரும் இல்ல. "பணம் கட்டினா வெளிய எடுத்துடறேன்"னு யாராவது புரோக்கர் வந்தா அஞ்சு பைசா குடுக்காதீங்க.

போதை கேஸ் தனி கொடுமை. சிங்கப்பூர்ல சுத்தமான ஹெராயின் 15 கிராமுக்கு மேல, கஞ்சா 500 கிராமுக்கு மேல கடத்துனதா நிரூபணம் ஆனா மரண தண்டனை, பை உங்ககிட்ட இருந்தா உள்ள இருக்கறது உங்களுக்கு தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும், தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. மலேசியா மட்டும் 2023ல கட்டாய மரண தண்டனைய எடுத்துட்டாங்க, ஜட்ஜ் வேற தண்டனை குடுக்கலாம், அதனால பழைய கைதிகளுக்கும் மறு பரிசீலனை கிடைச்சுது.

தீர்ப்பு வந்துட்டா அப்பீல் தேதிதான் எல்லாமே. இந்தோனேஷியால ஏழே நாள். 2025 ஏப்ரல்ல அங்க கப்பல் போதை கேஸ்ல மூணு தமிழ்நாட்டுக்காரங்களுக்கு மரண தண்டனை ஆனப்ப மனைவிங்க டெல்லி ஹைகோர்ட் போனாங்க, அப்பீலுக்கு உதவுங்கன்னு எம்பசிக்கு கோர்ட் சொல்லுச்சு. நம்ம கோர்ட்டால வெளிநாட்டு தீர்ப்ப தொட முடியாது, நம்ம அரசாங்கத்த வேலை செய்ய வைக்க முடியும், வசதி இல்லாதவங்க சட்ட உதவி மையம் மூலமா ரிட் மனு (அரசாங்கத்துக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்ல கேக்கற மனு) போடலாம். அப்பீல் எல்லாம் முடிஞ்சா அந்த நாட்டு மன்னர் இல்ல ஜனாதிபதி கிட்ட கருணை மனு. 2014 அக்டோபர் 30ம் தேதி கொழும்பு ஹைகோர்ட்ல மரண தண்டனை வாங்கின நம்ம அஞ்சு மீனவர்கள் நவம்பர்லயே வீடு வந்தது ராஜபக்சே குடுத்த மன்னிப்புல. தண்டனை ஆயுளா குறைஞ்சா, ஒப்பந்தம் இருக்குற நாடா இருந்தா, 2003ம் வருஷ கைதிகள் மாற்றல் சட்டப்படி மீதி தண்டனைய இந்திய ஜெயில்ல கழிக்க மனு போடலாம், மரண தண்டனையா இருக்கற வரைக்கும் அது முடியாது.

பிலிப்பைன்ஸ பாருங்க. 1995 மார்ச்ல ஃப்ளோர் கான்டம்ப்ளேசியான்னு ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ண சிங்கப்பூர்ல தூக்குல போட்டாங்க, அந்த நாடே தெருவுக்கு வந்துச்சு, அதே வருஷம் வெளிநாட்டு தொழிலாளர் சட்டம் போட்டு அதுலயே 10 கோடி பெசோவுல சட்ட உதவி நிதி, அத பாத்துக்க தனி அதிகாரின்னு எழுதி வச்சாங்க. மெக்சிகோ 2000ல இருந்து அமெரிக்கால மரண தண்டனை ஆபத்துல இருக்குற தன் ஆளுங்களுக்குன்னே தனி வக்கீல் திட்டம் நடத்துது, தீர்ப்புக்கு அப்புறம் இல்ல, கைது ஆன உடனே. இவ்ளோ பேர வெளிநாடு அனுப்பற நாம, நல நிதி விதில "மரண தண்டனை வரக்கூடிய கேஸ்னா முதல் நாள்ல இருந்து வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் கட்டாயம்"னு ஒரு வரி சேக்கறது பெரிய விஷயமா?

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. பல நாட்டுல தனியுரிமை சட்டம் இருக்கறதால கைதி சம்மதிக்காம ஜெயில் நிர்வாகம் அவரப் பத்தி எம்பசிக்கே தகவல் தராது. அக்கா தம்பி விஷயத்துல ஒரு மாசம் பதிலே வரல, நாங்க எம்பசிய திட்டிட்டு இருந்தோம், கடைசில பாத்தா சம்மத லெட்டர்ல அவன் சைன் போடல, அரபி பேப்பர்ல சைன் போட்டு மாட்டினவன் இப்ப எந்த பேப்பர பாத்தாலும் மாட்டேன்னுட்டான். அடுத்த தடவை போன் வந்தப்ப அக்கா முதல் பத்து செகண்ட்ல நலம் கூட விசாரிக்காம "எம்பசி ஆளு வருவாரு, தமிழ்ல படிச்சு காட்ட சொல்லு, அப்புறம் சைன் போடு"ன்னாங்க. அடுத்த வாரம் கேஸ் நம்பரும் வாய்தா தேதியும் வந்துச்சு.