சொல் விளக்கம்: பிராக்சி – பதிலி

வீட்டிலிருந்து ஆய்விதழைத் திறக்க வேண்டுமானால் ‘பிராக்சி வழியாகப் போங்கள்’ என்பது நூலகங்களில் அன்றாடப் பேச்சு. இந்தச் சொல்லின் வேர் லத்தீனின் ‘புரோகூராரே’. ‘புரோ’ என்றால் சார்பாக. ‘கூரா’ என்றால் அக்கறை, பராமரிப்பு. ஒருவருடைய காரியத்தை அவர் சார்பில் பொறுப்பேற்றுப் பார்ப்பதே மூலப்பொருள். பங்குதாரருக்காகக் கூட்டத்தில் வாக்களிக்கும் பதிலாளும் இதே பொருளில்தான் பிராக்சி.

கணினிக்கு வந்த பிறகும் பொருள் மாறவில்லை. சந்தா கட்டிய நூலகத்தைப் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்தே அடையாளம் காண்கின்றன. வெளியிலிருந்து வரும் வாசகரின் ஐபி அவர்களுக்கு அந்நியம். அதனால் நூலகத்தின் சேவையகம் வாசகரின் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, கட்டுரையைத் தன் ஐபியிலிருந்து கேட்டு வாங்கித் தருகிறது. இதற்கென நூலகங்களில் பரவலாக ஓடும் மென்பொருள் ஈசிபிராக்சி. 1999இல் கிறிஸ் ஜாகர் உருவாக்கினார். 2008இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு வாங்கியது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பினாமி’ பொருந்தாது. உண்மையான ஆளை மறைப்பது என்ற வாடை அதில் உண்டு. நூலகச் சேவையகத்துக்கோ வாசகர் யாரென்று நன்றாகத் தெரியும். ‘இடைச் சேவையகம்’ பொத்தாம்பொதுவானது. நடுவில் நிற்கும் கருவிகள் எத்தனையோ. எல்லாம் இன்னொருவர் இடத்தில் நின்று பேசுவதில்லை. ‘பதிலாள்’ மனிதருக்கே சரி. ‘பதிலி’தான் கச்சிதம் என்பது என் முடிவு. பதில் என்ற சொல்லே அரபு மூலத்தது என்பதால் ‘பகராள்’ என்று எழுதுவோரும் உண்டு; ஆனால் தமிழில் இவ்வளவு ஊன்றிவிட்ட சொல்லை விலக்கத் தேவையில்லை. சேவையகத்தை ‘வழங்கி’ என்றும் சொல்வதுண்டு; ஆனால் ‘பதிலி வழங்கி’ என்றால் பதிலிகளை வழங்குவது என்றும் படிக்கலாம். ‘பதிலிச் சேவையகம்’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

ஈசிபிராக்சியின் அமைப்பு வேலை ஓர் உரைக்கோப்பில் நடக்கிறது. ஒவ்வொரு தரவுதளத்துக்கும் அதில் ஒரு பத்தி: டைட்டில் (தலைப்பு), யுஆர்எல் (தொடக்க முகவரி), ஹோஸ்ட் (தளத்தின் முழுப்பெயர்), டொமைன் (தளங்களின் பொதுப்பெயர்). பதிப்பகம் படங்களையோ பிடிஎஃப்களையோ புதிய டொமைனுக்கு மாற்றினால், அதை இங்கே சேர்க்கும்வரை பக்கம் திறக்கும், கட்டுரை திறக்காது. வாசகர் ‘நூலகத் தளம் கெட்டுப்போச்சு’ என்பார். முகவரியிலும் ஒரு நுட்பம் உண்டு. பதிப்பக முகவரியின் புள்ளிகள் சிறுகோடுகளாகி, பின்னால் நூலகத்தின் டொமைன் ஒட்டிக்கொள்ளும். ஒரு டொமைனின் கீழுள்ள பெயர்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் பாதுகாப்புச் சான்றான வைல்ட்கார்டு சான்றிதழ் ஒரே ஓர் அடுக்குப் பெயரை மட்டும் ஏற்பதால்தான் இந்த மாற்றம். புள்ளிகளை அப்படியே விட்டால் உலாவி எச்சரிக்கை காட்டும்.

‘கூரா’ என்ற வேரின் கனம் பராமரிப்பில்தான் தெரிகிறது. ஒரு வாசகரின் கடவுச்சொல் திருடுபோய் யாரோ ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை இறக்கினால், பதிப்பகம் பார்ப்பது பதிலியின் ஐபியை மட்டுமே. அதைத் தடுத்தால் எல்லா வாசகருக்கும் கதவு மூடும். புகார் வரும்போது கையில் இருப்பது பெரும்பாலும் நேரமும் கட்டுரை முகவரியும்தான். அந்த நேரத்தைச் சேவையகத்தின் பதிவேட்டில் தேடி, எந்த அமர்வு (ஒருமுறை உள்நுழைந்து வெளியேறும்வரையிலான பயன்பாடு), எந்தப் பயனர் என்று பிடித்து, அந்த ஒரு கணக்கை மட்டும் நிறுத்த வேண்டும். சேவையகக் கடிகாரம் பிசகியிருந்தால் தவறான ஆள் மாட்டுவார். ஒரு பயனர் எவ்வளவு இறக்கலாம் என்ற ‘யூசேஜ்லிமிட்’ வரம்பை ஈசிபிராக்சியில் முன்கூட்டியே வைத்தால் திருட்டு பாதியிலேயே நிற்கும். ஆனால் அதே பதிவேடு யார் எதைப் படித்தார் என்ற குறிப்பும் ஆகிறது. விசாரணைக்குத் தேவையான காலம் முடிந்ததும் அதை அழித்துவிடுவதும் பதிலியைக் காப்பவரின் கடமை.

வேறு கருவிக்கு மாறி ஐபி மாறினால், பதிப்பகங்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வாசகருக்கான அறிவிப்பில் ‘பதிலி இணைப்பு’, ‘பதிலி வழியாக உள்நுழைக’ என்றே எழுதலாம். தொடக்கத்தில் சில மாதம் பக்கத்திலேயே பிராக்சி என்றும் போட்டுவைத்தால் யாரும் தடுமாற மாட்டார்கள்.