ஓவர்டைம் காசு டாக்ஸ்லயே போயிடுதா?

டாக்ஸ் சீசன்ல என்கிட்ட வர்றவங்கள்ல மணிக்கணக்குக்கு சம்பளம் வாங்குறவங்க நெறைய பேரு, கேஸ் ஸ்டேஷன், ரெஸ்டாரன்ட், வேர்ஹவுஸ்னு. "அண்ணா, ஓவர்டைம் பாத்தா எல்லாம் டாக்ஸ்லயே போயிடுது, பாக்காமலே இருக்கலாம்"னு சொல்லுவாங்க. அப்படி இல்லங்க, அமெரிக்காவுல ஓவர்டைமுக்குன்னு கூடுதல் டாக்ஸ் ரேட்டே கிடையாது. அந்த தடவ செக் பெருசா வந்ததும், வருஷம் பூரா இவ்ளோ சம்பாதிப்பீங்கன்னு கணக்குப் போட்டு ஃபெடரல் டாக்ஸ கூடப் புடிப்பாங்க, அதிகமா புடிச்சது ரிட்டர்ன் ஃபைல் பண்றப்ப திரும்ப வந்துரும். சம்பளத்துலேர்ந்து பென்ஷனுக்குன்னு புடிக்கிற சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், வயசானவங்க மருத்துவத்துக்குன்னு புடிக்கிற மெடிகேர் 1.45 சதவீதம், ஓவர்டைமுக்கும் அதே கணக்குதான்.

எனக்குக் கவலை டாக்ஸ் இல்ல, ஓவர்டைமே குடுக்காம விடுறாங்க பாருங்க, அதுதான். 1938ல வந்த ஃபெடரல் சட்டப்படி வாரத்துல 40 மணி நேரம் தாண்டினா ஒன்றரை மடங்கு, கலிஃபோர்னியாவுல ஒரு நாள்ல 8 மணி நேரம் தாண்டினாலே உண்டு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சம்பளம் போடுற எடத்துல மொத வாரம் 50, அடுத்த வாரம் 30 பாத்திருப்பீங்க, ஓனர் "மொத்தம் 80தானே, சரியாப் போச்சு"ம்பாரு, நம்மாளுங்களும் தெரிஞ்சவராச்சே எப்படிக் கேக்குறதுன்னு தலையாட்டிட்டு வந்துருவாங்க. தப்புங்க அது! ஒவ்வொரு வாரமும் தனித்தனி கணக்கு. மணிக்கு 20 டாலர்னா மொத வாரம் 40 தாண்டின அந்த 10 மணி நேரத்துக்கு 30 டாலர் வீதம் வரணும், ஒரே செக்ல 100 டாலர் உங்க காசு போச்சு. கையில கேஷா குடுத்தாலும், விசா என்னவா இருந்தாலும் இது பொருந்தும். வந்த நேரம் போன நேரத்த டெய்லி நீங்களே போன்ல குறிச்சு வைங்க, லேபர் டிபார்ட்மென்ட்ல கம்ப்ளெய்ன்ட் பண்ண காசு கிடையாது, பேரும் வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா பொதுவா ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்டுரணும்.

2025லேர்ந்து 2028 வரைக்கும் "ஓவர்டைமுக்கு டாக்ஸே இல்ல"ன்னு வாட்ஸ்அப்ல சுத்துதுல்ல, அது முழுசா உண்மையில்ல. அந்த 30 டாலர்ல மேல கெடைக்கிற 10 டாலர மட்டும்தான் வருமானத்துலேர்ந்து கழிக்கலாம், அதுவும் தனி ஆளுக்கு வருஷத்துக்கு 12,500 வரைக்கும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் எப்பவும் போல புடிப்பாங்க.

எஃப்-1 ஸ்டூடண்ட் விசால வந்து, படிப்புக்காக வேலை பாக்கக் குடுக்குற ஓபிடி அனுமதில இருக்குற பசங்க பே ஸ்டப்ப (சம்பளச் சீட்ட) ஒருக்கா எடுத்துப் பாருங்கப்பா, பொதுவா மொத 5 காலண்டர் வருஷம் உங்களுக்கு இந்த ரெண்டுமே புடிக்கக் கூடாது. புடிச்சிருந்தா மொதல்ல கம்பெனி பேரோல்ல கேளுங்க, அவங்க குடுக்கலன்னா ஃபெடரல் டாக்ஸ் ஆபீஸான ஐஆர்எஸ்ஸுக்கு, காச திருப்பிக் கேக்குற ஃபார்ம் 843 போடலாம்.