ஹைப்பர்பாரிக்: சொல்லும் பொருளும்

மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் தருவதைத்தான் ‘ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் தெரபி’ என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. கிரேக்கத்தில் ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி, ‘பாரோஸ்’ என்றால் எடை. பாரோமீட்டரில் இருப்பதும் இதே பாரோஸ்தான். மூடிய அறைக்குள் அழுத்தத்தை வழக்கத்தைவிட 2 முதல் 3 மடங்கு வரை உயர்த்தி, நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் முறை இது.

அழுத்தம் எதற்கு? சாதாரணக் காற்றிலேயே, சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டுமானால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் கரைய வேண்டும். அழுத்தம் கூடினால் கரைவதும் கூடும். வழக்கமாக 100 மில்லி இரத்தத்தில் 0.3 மில்லி அளவே கரைந்திருக்கும் ஆக்சிஜன், 3 மடங்கு அழுத்தத்தில் சுமார் 6 மில்லி ஆகிறது. சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிகளை இந்த அழுத்தத்தில் உயிரோடு வைத்திருக்க முடிந்ததை ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் பூரேமா 1960-இல் வெளியிட்டார்.

மூளைக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. ஆக்சிஜன் மிகும்போது மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மண்டைக்குள் வீக்கம் தணிய அது உதவும். இரத்த ஓட்டம் குறைந்தாலும், கரைந்த ஆக்சிஜன் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். அதனால்தான் மூளைச் சீழ்க்கட்டிக்கு அறுவையோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் துணைச் சிகிச்சையாக இது சேர்க்கப்படுகிறது. இரத்தக் குழாயில் காற்றுக்குமிழி அடைத்தாலும், கார்பன் மோனாக்சைடு நச்சேறினாலும் இதைத் தருகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உயர் அழுத்தம்’ என்றால் இரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். இயல்பை மீறிய அளவைக் குறிக்க ‘மிகை’ பொருத்தமானது. ஆக்சிஜனுக்கு ‘உயிர்வளி’ அழகான சொல். அமிலங்களை உண்டாக்குவது இதுவே என்று தவறாக எண்ணி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வைத்த ‘ஆக்சிஜன்’ என்ற பெயரைவிடப் பொருளில் சரியானதும்கூட. ஆனாலும் நோயாளிக்கு உடனே புரிய வேண்டும் என்பதால் ‘மிகையழுத்த ஆக்சிஜன் சிகிச்சை’ என்பதே என் தேர்வு. கட்டுரைகளில் ‘மிகையழுத்த உயிர்வளி மருத்துவம்’ என்று தாராளமாக எழுதலாம்.

பெயர் எதுவானாலும், மூளை நோய் எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 111 குழந்தைகளிடம் கனடாவில் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. மிகையழுத்த ஆக்சிஜன் பெற்றவர்களும், சற்றே அழுத்தமேற்றிய வெறும் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவுதான் முன்னேறினார்கள். குழந்தையின் பெற்றோரிடம் பணம் கேட்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். அப்புறம், ஆக்சிஜன் அளவு மீறினால் வலிப்பு வரலாம் என்பதையும், அதைத் தவிர்க்கவே நடுநடுவே சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுகிறார்கள் என்பதையும்.